வாசிக்கவும் கஷ்டப்படறான், கவனமும் நிக்கல, இப்போ "நான் மக்கு"ன்னு சொல்றான். ஏடிஎச்டியா (கவனக்குறைவு, துறுதுறுப்பு), டிஸ்லெக்ஸியாவா (வாசிப்புக் குறைபாடு)?

தும்பைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறான். வாயத் தெறந்தா கோள்கள், எரிமலை, டைனோசர்னு கேக்கறவங்க அசந்து போற மாதிரி பேசுவான், ஒரு தடவ கேட்ட கதைய அடுத்த வாரம் வார்த்த மாறாம சொல்லுவான், ஆனா புத்தகத்தத் தெறந்தா வேற பையன் ஆயிடறான். முதல் எழுத்தப் பாத்துட்டு மிச்சத்த யூகிச்சு சொல்றான், "கொடி"ய "கெடி"ங்கறான், துணைக்கால் கண்ணுலயே படறதில்ல. மேல் வரில தட்டுத்தடுமாறி ஒருவழியா வாசிச்ச அதே சொல் ரெண்டு வரி தள்ளி வந்தா, இதுவரைக்கும் பாத்ததே இல்லாத மாதிரி மறுபடியும் முதல்லருந்து எழுத்துக் கூட்டறான்.

வீட்டுப்பாடம்னு உக்காந்தா பென்சில் கீழ விழும், எடுக்கக் குனிவான், மேசைக்கு அடில என்னமோ கண்ணுல படும், அவ்ளோதான், அங்கயே இருந்துடுவான். கூப்பிட்டா காதுல விழாது. பல் தேய்ச்சுட்டு பையில நோட்டு வச்சுட்டு ஷூ போட்டுக்கோன்னு சொன்னா பல் தேய்க்கறது மட்டும் நடக்கும். டீச்சர் "புத்திசாலிப் பையன்தான், ஆனா கவனமே இல்ல, முயற்சி போதாது"ன்னு ரிப்போர்ட் கார்டுல ஒவ்வொரு தடவையும் எழுதறாங்க. வீட்டுப் பெரியவங்க ஆம்பளப் பசங்க இப்படித்தான், வளந்தா தானா சரியாயிடும்ங்கறாங்க.

இதெல்லாம் கூட பரவால்ல. இப்ப கொஞ்ச நாளா ஸ்கூல் நாள்ல மட்டும் காலைல வயித்து வலிங்கறான், லீவு நாள்ல வலியே இல்ல. போன வாரம் வாசிக்கும்போது புத்தகத்த மூடிட்டு "நான் மக்கும்மா, என் மூளை சரியில்ல"ன்னு சாதாரணமா சொன்னான், அழக்கூட இல்ல. அதக் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

இது ஏடிஎச்டியா, டிஸ்லெக்ஸியாவா, இல்ல வெறும் சோம்பலா? லெகோ வச்சுட்டு மணிக்கணக்கா ஆடாம அசையாம உக்கார்றவனுக்கு கவனக்குறைவுன்னு எப்படி சொல்ல முடியும்? டெஸ்ட் பண்ணி ஒரு பேரு வச்சுட்டா அது வாழ்க்கை முழுக்க ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு, மாத்திரைன்னா இன்னும் பயம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ஏணிப்படி:

தோழி, நான் சிறப்புக் கல்வி ஆசிரியை, வாசிப்பு சிரமம் உள்ள பசங்களோடதான் நாள் முழுக்க இருக்கேன். நேர்ல பாக்காம இதுதான்னு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு தெளிவா இருக்கு, அது சோம்பல் இல்ல. சோம்பேறிக் குழந்தை ஒரே சொல்ல மறுபடி மறுபடி எழுத்துக் கூட்டிட்டு இருக்காது.

"இதுவா அதுவா"ன்னு கேக்கறீங்க, ரெண்டுமே சேந்து இருக்கறதுக்கும் நல்ல வாய்ப்பு உண்டு. ஏடிஎச்டி உள்ள பசங்கள்ல சுமார் கால்வாசிலருந்து 40 சதவீதம் வரைக்கும் வாசிப்புக் குறைபாடும் கூடவே இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. பிரச்சனை என்னன்னா ஒண்ணு இன்னொண்ண மறைச்சுடும். வாசிக்கவே முடியாத குழந்தை அஞ்சு நிமிஷத்துல ஜன்னல் பக்கம் திரும்பத்தான் செய்யும், அதப் பாத்து கவனக்குறைவுன்னு எழுதிடுவாங்க. கவனம் நிக்காத குழந்தை வரிய விட்டுட்டு வாசிக்கும், அதப் பாத்து டிஸ்லெக்ஸியான்னு சொல்லிடுவாங்க. அதனால கவனம் போகுதாங்கற கேள்விய விட கவனம் எப்போ போகுதுங்கற கேள்விதான் முக்கியம். அதே பாடத்த நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அவன் கேக்கட்டும், அப்புறம் கேள்வி கேளுங்க. பளிச்சுன்னு பதில் சொன்னான்னா அடைப்பு வாசிப்புல இருக்கு. கேக்கும்போதும் பாதில தொலைஞ்சு போறான், விளையாட்டுல தன் முறை வர்ற வரைக்கும் நிக்க முடியல, சட்டை பொத்தான் போடறதுக்குள்ள மறந்துடறான்னா கவனத்தையும் சேத்துப் பாக்கணும்.

டிஸ்லெக்ஸியான்னா எழுத்து தலைகீழாத் தெரியறதுன்னு ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கு, தப்பு. எழுத்தத் திருப்பி எழுதறது 7 வயசு வரைக்கும் எல்லாக் குழந்தைகளும் பண்றதுதான். பெரும்பாலான பசங்களுக்கு விஷயம் கண்ணுல இல்ல, ஒலில இருக்கு. பேசற சொல்ல ஒலி ஒலியா உடைச்சுப் பாக்கறது அவங்களுக்கு கஷ்டம். வீட்லயே விளையாட்டு மாதிரி கேட்டுப் பாருங்க: "கடல்"ல முதல் எழுத்த எடுத்துட்டா என்ன மிச்சம்? மரம், கரம், பூனை, வரம், இதுல எது சேராது? "படம்"ல "ப"வுக்கு பதிலா "த" போட்டா? புத்தகமே இல்லாம வாயாலயே இதுல திணறினான்னா அத அப்படியே மதிப்பீடு பண்றவங்ககிட்ட சொல்லுங்க. இது டெஸ்ட் இல்ல, ஒரு குறிப்பு மட்டும்தான்.

இன்னொண்ணு, எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போற மொழிகள்ல இந்தப் பசங்க தப்பா வாசிக்கறத விட ரொம்ப மெதுவா வாசிக்கறதுதான் பெரிய அடையாளம். தமிழ்ல கொம்பு, கால், ரெட்டைக்கொம்புன்னு உயிர்க்குறி எழுத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்றதால அங்கயும் தடுக்கும். உங்க பையன் "கொடி"ல கொம்பப் பாத்துட்டான், காலை விட்டுட்டான், அதான் "கெடி". கண்ணா பின்னான்னு சொல்ற தப்பு இல்ல அது, எந்த இடத்துல உதவி வேணும்னு அவனே காட்டிக் குடுக்கறான்.

புத்திசாலிப் பையனுக்கு எப்படி இது வரும்ங்கறது புதுக் கேள்வியும் இல்ல. 1896ல பிரிங்கிள் மோர்கன்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் 14 வயசுப் பையன் ஒருத்தனப் பத்தி எழுதினாரு, மருத்துவ இதழ்ல வளர்ச்சி சார்ந்த டிஸ்லெக்ஸியாவ இவ்ளோ தெளிவா விவரிச்ச முதல் குறிப்புகள்ல ஒண்ணு அது. அந்தப் பையன் இயற்கணிதம் போடுவான், ஆனா "பெர்சி"ங்கற தன் பேரையே "பிரெசி"ன்னு எழுதினான். பாடம் முழுக்க வாய்வழியா நடந்தா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரனா இருப்பான்னு அவனோட ஆசிரியரே சொல்லிருக்காரு. உங்க பையனோட கோள்களும் எரிமலையும் படிச்சப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.


வடகாற்று:

சிஸ்டர், லெகோ கேள்விக்கு நான் பதில் சொல்றேன், என் பொண்ணுக்கு ஏடிஎச்டி இருக்கு, எங்களையும் எல்லாரும் இதையேதான் கேட்டாங்க. ஏடிஎச்டின்னா கவனமே இல்லாத நிலைன்னு நெனைக்காதீங்க, கவனத்த வேணுங்கற இடத்துக்குத் திருப்பி அங்க நிறுத்தி வைக்கறதுலதான் சிக்கல். பிடிச்ச விஷயம், கை வச்ச உடனே பலன் தெரியற விஷயம், புதுசா ஒண்ணு, இதுலெல்லாம் கவனம் தானா போய் ஒட்டிக்கும், சில சமயம் பிச்சு எடுக்கவே முடியாது. போரடிக்கற, பலன் தூரத்துல இருக்கற வேலைலதான் தெரியும். அதனால லெகோல உக்கார்றான் பாடத்துல உக்கார மாட்டேங்கறான், அப்ப வேணும்னே பண்றான்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு ஏத்துக்காதீங்க.

என் பொண்ணு ஓடவும் மாட்டா குதிக்கவும் மாட்டா, அமைதியா உக்காந்து டீச்சர் முகத்தையே பாத்துட்டு இருப்பா, உள்ள ஒண்ணும் போகாது. யாருக்கும் தொந்தரவு இல்லாததால யாரும் கவனிக்கவே இல்ல. பொண்ணுங்கள்ல இது லேட்டா தெரிய வர்றதுக்கு இதுதான் பெரிய காரணம். துறுதுறுப்பு இருந்தாதான் ஏடிஎச்டின்னு இல்ல, கவனம் மட்டும் சிதறுற வகை, துறுதுறுப்பும் அவசரமும் மட்டும் உள்ள வகை, ரெண்டும் கலந்த வகைன்னு மூணு விதமா வரும்.

எங்க வீட்ல டாக்டர் விளக்கினதுல எனக்கு ரொம்ப உதவுனது 2007ல அமெரிக்காவுல பிலிப் ஷாங்கறவர் குழு பண்ண ஸ்கேன் ஆராய்ச்சி. மூளையோட மேலடுக்கு தடிமன் உச்சத்துக்கு வர்ற வயசு மத்த பசங்களுக்கு சுமார் ஏழரை, ஏடிஎச்டி உள்ள பசங்களுக்கு சுமார் பத்தரை. வளர்ற வரிசை ஒண்ணுதான், மூணு வருஷம் பிந்துது, அதுவும் திட்டம் போடறது, அடக்கிக்கறது, ஞாபகம் வச்சுக்கறது இதெல்லாம் பாத்துக்கற முன்பகுதிலதான் ரொம்ப பிந்துது. இதக் கேட்டதும் "இந்த வயசுக்கு இது கூடத் தெரியாதா"ங்கற பேச்ச வீட்ல நாங்க நிறுத்திட்டோம். சில வேலைகளுக்கு அவளோட வயசு வேற, அவ்ளோதான். ஆனா பிந்துதுன்னா தானா வந்துடும்னு அர்த்தம் இல்ல, நெறைய பேருக்கு பெரியவங்க ஆனப்புறமும் அறிகுறி இருக்கும், அதனால வளந்தா சரியாயிடும்னு காத்திருக்காதீங்க.

பல் தேய், நோட்டு வை, ஷூ போடுன்னு மூணும் சேத்து சொல்றீங்கல்ல, இவங்களோட உடனடி ஞாபகம் சின்ன சிலேட்டு மாதிரி, அடுத்தத எழுதினா முந்தினது அழிஞ்சுடும். ஒண்ணு சொல்லுங்க, முடிச்சுட்டு வந்து கைதட்டட்டும், அப்புறம் அடுத்தது. தூரத்துலருந்து கத்தறதுக்கு பதிலா பக்கத்துல போய் தோளத் தொட்டு கண்ணப் பாத்து சொன்னா பாதி சண்டை கொறையும். காலை வேலைய படமா வரைஞ்சு கதவுல ஒட்டிட்டா நீங்க சொல்லவே வேண்டாம், கதவு சொல்லிக்கும். நேரம்ங்கறது இவங்களுக்கு கண்ணால பாத்தாதான் புரியும், மணல் கடிகாரமோ சிவப்பு தட்டு கொறைஞ்சுட்டே வர்ற டைமரோ வைங்க.


நேர்வழி:

நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் ஓடுனா ஒரு பேரு, உக்காந்தா ஒரு பேருன்னு ஆயிடுச்சு. வகுப்புல ஒரே வருஷம் சேந்த பசங்கள்லயே வயசு கம்மியான பசங்களுக்குத்தான் ஏடிஎச்டின்னு அதிகமா முத்திரை விழுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சிகள்ல வந்துருக்கு. அதாவது 11 மாசம் சின்னவன பெரியவனோட ஒப்பிட்டு நோயாளி ஆக்கறாங்க. 8 வயசுப் பிள்ளைக்கு மூளைல வேலை செய்யற மாத்திரை குடுக்கறது எனக்கு மனசு ஒப்பல. போன், டிவி எல்லாத்தையும் கொறைங்க, நல்லா ஓடி விளையாட விடுங்க, தூக்கத்தப் பாருங்க, சக்கரைய நிறுத்துங்க, ஒரு வருஷம் பொறுத்துப் பாருங்க தாயி.


குழந்தைநலம்:

நான் குழந்தை மனநல மருத்துவர். நேர்வழி ஐயா சொல்றதுல முக்கியமான உண்மை ஒண்ணு இருக்கு, அத முதல்ல ஒத்துக்கறேன். வகுப்புல இளைய பிள்ளைங்களுக்கு அதிகமா முத்திரை விழறது நெசம். அதனாலதான் ஒரு டீச்சரோட பேச்ச மட்டும் வச்சு யாரும் முடிவு பண்ணக் கூடாது. 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்கற அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தோட அளவுகோல் படி கவனக்குறைவு, துறுதுறுப்புங்கற ரெண்டு பிரிவுல ஏதாவது ஒண்ணுல இருக்கற 9 அறிகுறிகள்ல 6 இருக்கணும், 6 மாசத்துக்கு மேல நீடிக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது இருக்கணும், வயசுக்குப் பொருந்தாத அளவுல இருக்கணும், வாழ்க்கைய பாதிக்கணும். கான்னர்ஸ், வாண்டர்பில்ட் மாதிரி கேள்வித்தாள அம்மா அப்பா ஒண்ணு, டீச்சர் ஒண்ணுன்னு நிரப்பித் தரச் சொல்லுவோம். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து ஏடிஎச்டின்னு உறுதி பண்ண முடியாது, யாராவது பண்ணித் தர்றோம்னு சொன்னா அங்க போகாதீங்க.

இன்னொரு பக்கம், இது இந்தக் காலத்து கண்டுபிடிப்பும் இல்ல. 1902லயே ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை மருத்துவர் லண்டன்ல இந்த மாதிரி பிள்ளைங்களப் பத்தி விரிவா சொற்பொழிவு பண்ணிருக்காரு, அப்போ போனும் இல்ல டிவியும் இல்ல. இரட்டையர்கள வச்சு பண்ண ஆராய்ச்சிகள்ல ஏடிஎச்டில மரபணுவோட பங்கு 70 சதவீதத்துக்கு மேலன்னு வந்துருக்கு. உலக அளவுல குழந்தைகள்ல சுமார் 5 சதவீதம் பேருக்கு இருக்கு. வளர்ப்பு சரியில்லன்னு அம்மாவ குத்தம் சொல்றதுக்கு இதுல எடமே இல்ல. சக்கரை விஷயமும் அப்படித்தான், குழந்தைக்கும் பெத்தவங்களுக்கும் எது சக்கரை எது போலின்னு தெரியாம குடுத்துப் பாத்த ஆராய்ச்சிகளெல்லாம் சேத்து 1995ல அலசினாங்க, நடத்தைல வித்தியாசம் வரல. பல்லுக்காக கொறைங்க, இதுக்காக வேண்டாம். விளையாட்டும் தூக்கமும் ஐயா சொன்ன மாதிரி ரொம்ப அவசியம், அதுல மாற்றுக் கருத்தே இல்ல.

மாத்திரை பத்தி. ஏடிஎச்டிக்கு அதிகமா குடுக்கற மெத்தில்ஃபெனிடேட் 1944லயே தயாரிச்ச மருந்து, குழந்தை மருத்துவத்துல ரொம்ப அதிகமா ஆராய்ஞ்ச மருந்துகள்ல ஒண்ணு. பசி கொறையும், தூக்கம் தள்ளிப் போகலாம், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் லேசா கூடலாம், உயரம் எடை வளர்ச்சில கொஞ்சம் மந்தம் வரலாம், அதனால ஒவ்வொரு தடவையும் எடை, உயரம், பிபி பாப்போம். 1999ல வெளியான, ஏடிஎச்டி சிகிச்சைகள ஒப்பிட்டுப் பாத்த எம்டிஏங்கற ஆய்வுல 579 குழந்தைகள குழுக்களா பிரிச்சு 14 மாசம் பின்தொடர்ந்தாங்க, கவனக்குறைவு, துறுதுறுப்பு ரெண்டுக்கும் நல்லா கண்காணிச்சு குடுத்த மருந்து, வெறும் நடத்தைப் பயிற்சிய விட அதிக பலன் தந்துச்சு, ரெண்டும் சேந்து குடுத்தப்ப பதட்டம், பெத்தவங்களோட உறவு மாதிரி மத்த விஷயங்களும் மேம்பட்டுச்சு. அதே குழந்தைகள மூணாவது வருஷம் பாத்தப்ப குழுக்களுக்கு நடுவுல வித்தியாசம் இல்லாமப் போச்சு. அதனால மாத்திரை ஒரு மாயம்னு நான் சொல்ல மாட்டேன், விஷம்னும் சொல்ல விட மாட்டேன். 6 வயசுக்கு கீழன்னா பெத்தவங்களுக்கான பயிற்சிதான் முதல்ல. 8 வயசுல எவ்ளோ பாதிப்பு இருக்குன்னு பாத்து சேந்து முடிவு எடுக்கலாம். எந்த மாத்திரையும் வாசிக்கக் கத்துக் குடுக்காதுங்கறதையும் சொல்லிடறேன். ஏடிஎச்டிக்கு மருந்து ஆரம்பிச்சுட்டு, டிஸ்லெக்ஸியாவ யாரும் பாக்காம விட்டு, மூணு வருஷம் கழிச்சு "மாத்திரை வேலை செய்யல"ன்னு வர்ற குடும்பங்கள நெறைய பாக்கறேன்.

தும்பைப்பூ அம்மா, முதல் வேலை காதும் கண்ணும் முறையா பரிசோதிக்கணும். ரத்தத்துல இரும்புச்சத்து பாக்கணும். தூங்கும்போது குறட்டை, வாய் தெறந்து தூங்கறது இருக்கான்னு சொல்லுங்க. பேசிட்டு இருக்கும்போதே சில நொடி வெறிச்சுப் பாத்து நின்னுட்டு, தொட்டாலும் திரும்பாம, அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி தொடர்றானா? அது ஒரு வகை வலிப்பா இருக்கலாம், பாக்க கவனக்குறைவு மாதிரியே இருக்கும். ஸ்கூல்ல யாராவது கேலி பண்றாங்களா, வீட்ல சமீபத்துல இழப்போ பெரிய மாற்றமோ வந்துச்சா, இதையும் யோசிங்க. பயத்துல இருக்கற குழந்தைக்கும் கவனம் நிக்காது.


பழையபேனா:

எனக்கு டிஸ்லெக்ஸியான்னு வேலைக்குப் போனப்புறம்தான் தெரியும். வயித்து வலின்னு படிச்சதும் எழுதாம இருக்க முடியல. அக்கா, அது நடிப்பு இல்ல. நெஜமாவே வலிக்கும்.

கிளாஸ்ல ஒருத்தருக்கு ஒரு பத்தின்னு வரிசையா எழுப்பி சத்தமா வாசிக்கச் சொல்லுவாங்க. எனக்கு முன்னாடி எத்தன பேர்னு எண்ணி, எந்தப் பத்தி எனக்கு வரும்னு கண்டுபிடிச்சு, அத மட்டும் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிட்டே இருப்பேன், மத்தவங்க என்ன வாசிச்சாங்கன்னே காதுல விழாது. நடுவுல ஒருத்தன் லீவுன்னா கணக்கு தப்பிடும், வேற பத்தி வந்துடும், கை சில்லுன்னு ஆயிடும். அந்தப் பீரியட்ல பாடம் எங்க ஏறும்? அத டீச்சர் "கவனம் இல்ல"ன்னு எழுதினாங்க. என் கவனம் முழுக்க அங்கதான் இருந்துச்சு, மாட்டிக்காம இருக்கறதுல.

கூச்சமும் பயமும் வேற, படிப்புப் பிரச்சனை வேறன்னு பெரியவங்க நெனைக்கிறாங்க. சின்ன வயசுல நான் வாசிப்பு வராததுக்கு வருத்தப்பட்டதவிட, எல்லாருக்கும் ஈஸியா வர்றது எனக்கு மட்டும் ஏன் வரலங்கறதுக்கு பதில் கிடைக்காம தவிச்சதுதான் அதிகம். யாரும் பதில் சொல்லலன்னா குழந்தை தானே ஒரு பதில் கண்டுபிடிச்சுக்கும், அந்த பதில்தான் "நான் மக்கு". பேரு வச்சா ஒட்டிக்குமோன்னு கேட்டீங்கல்ல, ஏற்கனவே ஒரு பேரு ஒட்டிருச்சுக்கா, அவனே வச்சுக்கிட்டான். டாக்டர் சொல்ற பேரு அத விட ரொம்ப நல்ல பேரு. நேர்வழி ஐயா ஒரு வருஷம் பொறுங்கன்னு நல்ல மனசோடதான் சொல்றாரு, ஆனா அந்த ஒரு வருஷமும் தெனமும் அவன் அந்தக் கிளாஸ்ல உக்காரணும்.


தும்பைப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பழையபேனா தம்பி நீங்க எழுதினத வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், அவர் ஒண்ணுமே பேசல, அப்புறம் டெஸ்ட்டுக்கு எப்ப போகலாம்னு அவரே கேட்டாரு.

ஏணிப்படி மேடம், நீங்க சொன்ன விளையாட்டு பண்ணிப் பாத்தோம். "கடல்"ல "க" எடுத்தா என்னன்னா "அலை"ங்கறான். எது சேராதுன்னா பூனைன்னு சரியா சொல்லிட்டான், ஏன்னு கேட்டா "அதுதான் உயிருள்ளது"ங்கறான், ஒலி பக்கமே போகல. பாடத்த நான் வாசிச்சுக் காட்டினா எல்லா கேள்விக்கும் பதில் சொல்றான். ஆனா விளையாட்டுல முறைக்கு நிக்கறது, ஷூ போடறது எல்லாத்துலயும் தொலைஞ்சும் போறான். டாக்டர், குறட்டை விடறான், வாய் தெறந்துதான் தூங்குவான், சளி அடிக்கடி பிடிக்கும். வெறிச்சுப் பாக்கறது உண்டு ஆனா தோளத் தொட்டா திரும்பிடுவான்.

ரெண்டு விஷயம் மட்டும் சொல்லுங்க. குறட்டைய சரி பண்ணா எல்லாம் சரியாயிடுமா? டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகும்போது அவன்கிட்ட என்னன்னு சொல்றது?


குழந்தைநலம்:

தொட்டா திரும்பறான்ங்கறது ஓரளவு நிம்மதி தர்ற விஷயம், இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, முடிஞ்சா போன்ல வீடியோ எடுத்துக் காட்டுங்க. குறட்டை, வாய் வழியா மூச்சு, அடிக்கடி சளின்னா காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட அடினாய்டு (மூக்குக்குப் பின்னாடி இருக்கற சதை), டான்சில் (தொண்டைச் சதை) பாத்தே ஆகணும். ராத்திரி மூச்சு தடைபட்டுத் தூக்கம் கெட்டா பகல்ல குழந்தைக்குத் தூக்கக் கலக்கத்த விட எரிச்சலும் துறுதுறுப்பும்தான் பல சமயம் தெரியும். 2013ல 5லருந்து 9 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள வச்சு பெரிய ஆய்வு ஒண்ணு வந்துச்சு, தூக்கத்துல மூச்சுத் தடை இருந்த பசங்களுக்கு டான்சில் அடினாய்டு ஆபரேஷன் பண்ணப்புறம் தூக்கமும் நடத்தையும் நல்லா மாறுச்சு, ஆனா டெஸ்ட் வச்சு அளந்த கவனத்துல பெரிய மாற்றம் வரல. அதனால அதையும் சரி பண்ணுங்க, அது முடியட்டும்னு மத்தத தள்ளிப் போடாதீங்க. வாசிப்பு சிரமத்துக்கும் குறட்டைக்கும் சம்பந்தப்படுத்தவும் வேண்டாம்.

மனசு பக்கத்தையும் சேத்தே பாக்கச் சொல்லுங்க. மனநலப் பிரச்சனைகள்ல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயும், பாதி 18 வயசுக்குள்ளயும் ஆரம்பிச்சுடுதுன்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, ஏடிஎச்டியும் கற்றல் குறைபாடும் உள்ள பசங்களுக்கு பதட்டமும் மனச்சோர்வும் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம். மக்குன்னு சொல்றத நீங்க கவனிச்சது பெரிய விஷயம். எப்பவாவது "நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்"ங்கற மாதிரி எதையாவது சொன்னா, விளையாட்டா சொன்னாலும், அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காம அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.


ஏணிப்படி:

"கடல்"லருந்து "அலை"! அர்த்தம் வழியா ஓடற மூளை, ஒலி வழியா ஓடல. இத அப்படியே எழுதி வச்சுக்கோங்க, மதிப்பீடு பண்றவங்களுக்கு தங்கம் மாதிரி தகவல்.

அவன்கிட்ட உண்மையச் சொல்லுங்க, பயமுறுத்தாம. "உன் மூளை சரியா இருக்கு, அதுக்கு எந்த வழில ஈஸியா ஏறுதுன்னு கண்டுபிடிக்கற ஒருத்தர்கிட்ட போறோம். புதிர், படம், கட்டை எல்லாம் இருக்கும். சிலது ஈஸியா இருக்கும், சிலது கஷ்டமா இருக்கும், கஷ்டமா வர்ற வரைக்கும் கேக்கறதுதான் அவங்க வேலை, அதனால தெரியலன்னு சொல்லலாம். ஊசி இல்ல, மார்க்கு இல்ல." பரிட்சைன்னு மட்டும் சொல்லாதீங்க. நல்லா தூங்கி எழுந்த காலை நேரமா கேட்டு வாங்குங்க. ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, சோர்ந்துட்டான்னா ரெண்டு நாளா பிரிச்சுப் பண்ணச் சொல்லலாம்.

மதிப்பீட்டுல ஐக்யூ எண்ண மட்டும் சொல்லி அனுப்பிட்டா ஒத்துக்காதீங்க. உடனடி ஞாபகமும் வேலை செய்யற வேகமும் தனியா வரணும், அந்த ரெண்டும் கீழ இருந்து மத்ததெல்லாம் மேல இருந்தா மொத்த எண் பையனோட நெஜத் திறமைய மறைச்சுடும். வாசிப்புல சரியா வாசிக்கறது, வேகம், புரிஞ்சுக்கறது மூணையும் பிரிச்சுப் பாக்கணும், ஒலி உடைக்கறது, எழுத்துப்பிழை, கணக்கு இதெல்லாமும் வேணும். ரெண்டு மொழில படிக்கிறான்னா ரெண்டுலயும் பாக்கச் சொல்லுங்க. கலர் கண்ணாடி, கண் பயிற்சின்னு யாராவது விப்பாங்க, அதுக்கு டிஸ்லெக்ஸியாவ சரி பண்ற ஆதாரம் இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவ சங்கமும் கண் மருத்துவர்களும் சேந்து 2009லயே அறிக்கை விட்டுருக்காங்க. வேலை செய்யறது ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவ ஒழுங்கான வரிசைல, நேரடியா, திரும்பத் திரும்ப சொல்லிக் குடுக்கறதுதான். மெதுவாதான் வரும், ஆனா வரும். சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் அதிகம், அதனால 10 வயசு ஆகட்டும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாத வேலை ஒண்ணு இருக்கு, நாளைக்கே டீச்சரப் பாருங்க. சண்டை போட இல்ல, மூணே மூணு வேண்டுகோள். முன்கூட்டி சொல்லாம எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிக்கச் சொல்ல வேண்டாம். அறிவியல் பதில்ல எழுத்துப்பிழைக்கு மார்க் கொறைக்க வேண்டாம். போர்டுல இருக்கறத முழுசா காப்பி பண்ணச் சொல்றதுக்கு பதிலா அச்சிட்ட தாளோ பக்கத்துப் பையன் நோட்டோ குடுக்கலாம். இதுக்கு எந்த சர்டிபிகேட்டும் தேவையில்ல, மனசு இருந்தா போதும், பெரும்பாலான டீச்சர்ஸ் இப்படிக் குறிப்பா கேட்டா செய்வாங்க.

வீட்ல வாசிப்ப பத்து நிமிஷத்தோட நிறுத்திக்கோங்க, ஒரு வரி நீங்க ஒரு வரி அவன், தடுக்கற சொல்ல மூணு நொடில நீங்களே சொல்லிக் குடுத்துட்டு நகருங்க. அதுக்கப்புறம் எரிமலை புத்தகத்த நீங்க வாசிங்க, அவன் கேக்கட்டும். அவனுக்கு வாசிக்க வரலங்கறதுக்காக அறிவ நிறுத்தி வைக்கக் கூடாது. டெஸ்ட் தேதி கிடைச்சதும் இங்க சொல்லுங்க, ரிப்போர்ட்ல என்ன எழுதிருக்குன்னு புரியலன்னா பேரு ஊரெல்லாம் மறைச்சுட்டு எண்கள மட்டும் போடுங்க, உக்காந்து பாக்கலாம்.